மட்டாஞ்சேரியில் டைனோசர் எலும்பு ஏன் கிடைக்காது? அரியலூரில் கிடைத்தது எங்கே போச்சு?

கொச்சியில் வேலை பார்க்கிறீர்களா? வார இறுதியில் மட்டாஞ்சேரி யூதத் தெருவில் நடக்கும்போது, காலுக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு என்ன வயசு இருக்கும் என்று யோசித்ததுண்டா?

கட்டிடங்கள் பழசு. மண் ரொம்ப இளசு. கடலும் காயலும் சேர்ந்து போட்ட மணலும் சேறும்தான் அது. 1341-ல் பெரியாற்றில் வந்த வெள்ளத்துக்குப் பிறகே முசிறியின் இடத்தைக் கொச்சித் துறைமுகம் பிடித்தது என்று சொல்லப்படுகிறது.

அப்போ டைனோசர் காலத்து மண்ணைப் பார்க்கணும்னா? கிழக்கே, திருச்சியைத் தாண்டி அரியலூர் வரை போகணும்.

கேரளத்தில் ஏன் இல்லை?

கேரளத்து மலைப் பாறைகளில் பெரும்பாலானவை 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையவை. பூமிக்கு ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. அதில் எலும்பு தங்காது. கடலோர வண்டல் பாறைகளோ டைனோசர்கள் அழிந்து வெகுகாலம் கழித்துப் படிந்தவை. நடுவில் உள்ள டைனோசர் கால வண்டல், கேரள நிலப்பரப்பில் வெளியே தெரிவதில்லை.

அரியலூர், பெரம்பலூர் கதை வேறு. இந்தியா அண்டார்டிகாவிலிருந்து பிரிந்தபோது கிழக்குக் கரையில் நிலம் இறங்கிப் பள்ளமானது. அதுதான் காவிரிப் படுகை. கடல் உள்ளே வந்தது, பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் ஓர் அடுக்கு படிந்தது. இன்று சிமென்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச் சென்றதுதான்.

கல்லமேட்டில் என்ன ஸ்பெஷல்?

சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் விலகியபோது, ஆறுகள் இங்கே மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. அந்த மணற்கல் அடுக்குக்கு, அரியலூர் மாவட்டத்துக் கிராமத்தின் பெயரால் 'கல்லமேடு' என்று பெயர். செத்த விலங்கை ஆற்று மணல் சீக்கிரம் மூடிவிட்டால், எலும்பு மிஞ்ச வாய்ப்பு அதிகம்.

இங்கே கிடைத்த ஒரு முதலை இனத்தின் பற்கள், மடகாஸ்கரில் கிடைத்த சிமோசூக்கஸ் என்ற முதலையின் பற்களைப் போலவே இருந்ததாக 2013-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை மடகாஸ்கர் இந்தியாவின் மேற்குக் கரையோடு ஒட்டியிருந்தது. கொச்சிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு!

அந்த 2 மீட்டர் எலும்பு

இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து 1987-ல் ஒரு புதிய டைனோசரை அறிவித்தார்கள். பெயர் புருஹத்காயோசாரஸ். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். உங்கள் வீட்டுக் கதவு கிட்டத்தட்ட அந்த உயரம்தான்.

முதலில் இது மாமிசம் தின்னும் வகை என்று நினைத்தார்கள். பிறகு, நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்ற முடிவுக்கு வந்தார்கள். 2023-ல் வெளியான ஒரு மதிப்பீடு, எடை 110 முதல் 130 டன் வரை இருந்திருக்கலாம் என்றது. அது சரியென்றால், நிலத்தில் நடந்த மிகப்பெரிய விலங்குகளில் ஒன்று நம்ம அரியலூர்க்காரர்.

'என்றால்' ஏன்?

அந்த எலும்புகள் இன்று இல்லை. உதிர்ந்து போய்விட்டன என்று 2017-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொன்னது. 2022-ல் பழைய புகைப்படங்கள் வெளியாகின. படங்களும் வரைபடங்களும் பழைய அளவுகளும்தான் மிச்சம். யாரும் மறுபடி அளந்து பார்க்க முடியாது.

ஆழத்தில் புதைந்திருக்கும் வரை எலும்புக்கு ஆபத்து குறைவு. மேலே வந்ததும் பருவமழையில் தண்ணீர் ஊறும், வெயிலில் காயும். கூட இருக்கும் களிமண் உப்பும், சுருங்கும். எலும்பு நொறுங்கும். பசை ஊற்றி இறுக்குவது, பிளாஸ்டர் கட்டி எடுப்பது, சரியான அறையில் வைப்பது எல்லாம் தாமதமின்றி நடக்கணும்.

பக்கத்து ஊரிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் தேசியப் புவியியல் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. புவிப் பாரம்பரிய இடங்களுக்கான தனிச் சட்டத்தின் வரைவை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில்தான் வெளியிட்டது.

வாட்ஸ்அப்பில் வந்த 'முட்டை'

2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் 'டைனோசர் முட்டை' என்று செய்தி பறந்தது. அம்மோனைட் என்ற சுருள் ஓட்டுக் கடல் உயிரியைச் சுற்றி வண்டல் இறுகி உருவான கற்கள் அவை என்று நிபுணர்கள் விளக்கினார்கள். அந்தப் பகுதியில் அம்மோனைட் சகஜம். உருண்டையா இருப்பதெல்லாம் முட்டை இல்லை!

நீங்கள் என்ன செய்யலாம்?

அரியலூர் பக்கம் போனால் வாரணவாசியில் உள்ள புதைபடிம அருங்காட்சியகத்தைப் பாருங்கள். வயலிலோ ஓடையிலோ வித்தியாசமாக ஏதாவது கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள், பையில் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள், லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்துக்கோ புவியியல் ஆய்வு மையத்துக்கோ தெரிவியுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால், எலும்பு கையில் இருந்தும் அதன் வயதையும் கதையையும் சொல்வது கஷ்டம்.