வெளிநாட்டில் செல்லப்பிராணி, நம்ம ஊரில் வேலிப் பூச்சி: கும்பிடுபூச்சியை வீட்டில் வளர்க்கலாமா? சட்டம் என்ன சொல்லுது?

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்கு வரும் பலருக்கும் ஒரே வேண்டுதல்தான்: வீட்டில் பூச்சி பொட்டு அண்டக்கூடாது. அதுக்காக புற்றுமண் வாங்கிச் செல்வதும், பாம்பு, தேள் உருவங்களைக் காணிக்கையாகச் செலுத்துவதும் இங்கே காலங்காலமாக நடக்கிறது. ஆனால் இதே தென்தமிழகத்து வெயிலுக்குப் பொருத்தமான ஒரு பூச்சியை, ஐரோப்பாவில் காசு கொடுத்து வாங்கி, கண்ணாடிப் பெட்டியில் ஹீட்டர் போட்டு வளர்க்கிறார்கள். அதுதான் கும்பிடுபூச்சி இனத்தைச் சேர்ந்த 'கோங்கைலஸ் கோங்கைலோடெஸ்'.

எது அந்தப் பூச்சி?

கும்பிடுபூச்சியை சில ஊர்களில் தொழுவன் பூச்சி, பெருமாள் பூச்சி என்றும் சொல்வார்கள். உலகம் முழுக்க சுமார் 2,400 இனங்கள் உண்டு. இதில் கோங்கைலஸ், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வறண்ட புதர்களில் வாழ்வது. குச்சி மாதிரி நீண்ட கழுத்து, காய்ந்த சருகு ஒட்டியது போன்ற கால்கள். பார்க்க வயலின் போல இருப்பதால் ஆங்கிலத்தில் 'வயலின் மேன்டிஸ்' என்று பெயர். 10 சென்டிமீட்டர் வரை வளரும். 1758-லேயே லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார்.

வளர்ப்பவர்களுக்கு இது ஏன் பிடிக்கிறது? பெரும்பாலான கும்பிடுபூச்சிகள் ஒன்றையொன்று பிடித்துத் தின்னும். இந்த இனத்தில் அது குறைவு. இரை போதுமான அளவு கிடைத்தால் ஒரே கூண்டில் பலவற்றை வைக்கலாம்.

எப்படி வளர்க்கிறார்கள்?

கூண்டு: அகலத்தைவிட உயரம்தான் முக்கியம். பூச்சியின் நீளத்தைப்போல குறைந்தது 3 மடங்கு உயரம் வேண்டும். மேல்பகுதியில் கொசுவலை கட்டணும். காரணம், கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் சட்டை உரிக்கும். பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்தால் கால் வளைந்துவிடும், பல நேரம் உயிரே போய்விடும்.

வெப்பம்: கோங்கைலஸுக்குப் பகலில் 30 டிகிரிக்கு மேல் சூடு தேவை. ஐரோப்பாவில் அதற்கு விளக்கு எரியணும். நம்ம ஊரில் ஜன்னல் ஓரமே போதும். ஆனால் மூடிய பெட்டியை நேர் வெயிலில் வைத்தால் சில நிமிடங்களில் செத்துவிடும்.

உணவு: உயிருள்ள, பறக்கும் இரைதான். ஈ, அந்துப்பூச்சி இரண்டும் பிடிக்கும். குஞ்சுகளுக்குப் பழ ஈ கொடுக்கலாம். சோறு, பழம், இலை எதையும் தொடாது. பூச்சிமருந்து அடித்த வயலிலிருந்து பிடித்த ஈயைக் கொடுக்கக் கூடாது.

தண்ணீர்: கிண்ணத்தில் வைக்க வேண்டாம். ஸ்பிரே பாட்டிலில் லேசாகத் தெளித்தால் துளிகளைக் குடித்துக்கொள்ளும். இந்த இனத்துக்கு ஈரப்பதம் அதிகமாகக் கூடாது.

பயப்பட வேண்டாதவை: இரவில் கண் கறுப்பாக மாறுவது இயல்பு, நோய் இல்லை. சட்டை உரிப்பதற்கு முன் சில நாள் சாப்பிடாது. அப்போது கூண்டுக்குள் இரையை விடக் கூடாது, கையாலும் தொடக் கூடாது. விஷம் கிடையாது. முன்னங்கால் முள் வேண்டுமானால் லேசாகக் குத்தலாம். ஆயுள் ஏறக்குறைய ஒரு வருடம்தான்.

வெளிநாட்டு இனத்தை ஆன்லைனில் வாங்கலாமா?

தென்கிழக்கு ஆசியாவின் 'ஆர்க்கிட் மேன்டிஸ்', ஆப்பிரிக்காவின் 'கோஸ்ட் மேன்டிஸ்' வீடியோக்களைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது இது.

சைட்டீஸ் எனப்படும் சர்வதேச வன உயிரின வர்த்தகப் பட்டியலில் கும்பிடுபூச்சிகள் இல்லை. அதனால் வெளிநாட்டுக் கிளி, ஆமைக்குப் பண்ணுவது போல 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்யும் கட்டாயம் இதற்கு வராது. ஆனால் அதை வைத்து தாராளமாக இறக்குமதி செய்யலாம் என்று நினைத்தால் தப்பு. உயிருள்ள பூச்சியோ முட்டையோ இந்தியாவுக்குள் வர, 2003-ம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி முன் அனுமதி வேண்டும். கூரியரில் ரகசியமாக வரவழைப்பது சட்டவிரோதம்.

இங்கிருந்து அனுப்புவதிலும் சிக்கல் உண்டு. 2008 ஜூன் மாதம் டார்ஜிலிங் அருகே சிங்கலீலா தேசியப் பூங்கா பகுதியில் அனுமதியின்றி வண்டு, பூச்சிகளைச் சேகரித்ததாக செக் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் கைதானார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் நீதிமன்றம் ஒருவருக்கு அபராதமும், இன்னொருவருக்கு 3 ஆண்டு சிறையும் விதித்தது.

ஒரு பூச்சிக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?

நியூசிலாந்தில் நடந்ததே பதில். தென்னாப்பிரிக்க கும்பிடுபூச்சி ஒன்று 1978-ல் ஆக்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு ஆய்வாளர்கள் கவனித்தபோது, அந்நாட்டு ஆண் பூச்சிகள் வெளிநாட்டுப் பெண் பூச்சியின் வாசனைக்கு மயங்கிப் போய், அதற்கே இரையாவது தெரியவந்தது. 2013-ல் இந்த ஆய்வு வெளியானது. உள்ளூர் இனம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் நாட்டில் இது பெரிய அடி.

சங்கரன்கோவில் வட்டாரம் பருத்தியும் பூவும் விளையும் பூமி. இங்கே செடியில் இருக்கும் கும்பிடுபூச்சி, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சியைத் தின்னும். தேனீ சிக்கினாலும் விடாது. இந்தக் கணக்குக்குள் புது வேட்டைக்காரன் ஒன்று நுழைந்தால் என்ன ஆகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே முட்டைக்கூட்டிலிருந்து டஜன் கணக்கில் குஞ்சுகள் வரும், சில இனங்களில் நூறைத் தாண்டும். அதனால் வளர்க்க முடியவில்லை என்று வெளிநாட்டு இனத்தையோ முட்டைக்கூட்டையோ தோட்டத்தில் விடவே கூடாது.

அப்போ குழந்தைகள் பிடித்து வந்தால்?

திட்ட வேண்டாம். கொசுவலை கட்டிய உயரமான டப்பாவில் ஒரு குச்சி வைத்து, தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஈ ஒன்றிரண்டு விடுங்கள். அது இரையைப் பிடிக்கும் வேகத்தைப் பார்த்தாலே பிள்ளைகளுக்கு ஒரு அறிவியல் பாடம்தான். இரண்டு நாள் பார்த்துவிட்டு, எந்தச் செடியில் பிடித்தார்களோ அதே செடியில் திரும்ப விடச் சொல்லுங்கள்.