ஆறுமுகம் வீட்டுக் கித்தார்

மலேசியாவின் தெலுக் இந்தானில் கல்யாண விருந்துக்குப் போனால் இது நடக்கும். இளையராஜா பாட்டு ஓய்ந்ததும் ஒருவர் மைக்கைப் பிடித்து ‘செனியும்லா கோலாலம்பூர்’ என்று ஆரம்பிப்பார். பெரியவர்கள் மேசையிலிருந்தே கூடப் பாடுவார்கள். ‘சிரித்திடு, கோலாலம்பூரே’ என்று தலைநகரைக் கொஞ்சும் அந்தப் பாட்டைப் பிரபலமாக்கியது பினாங்குத் தமிழர்களின் குழு என்பது இளசுகள் பலருக்குத் தெரியாது.

குழுவின் பெயர் அலிகேட்ஸ். அண்ணன் டேவிட் ஆறுமுகம் பாடுவார். தம்பி லோகநாதன், எல்லாருக்கும் லோகா, கித்தாரும் வாசிப்பார், பாடவும் செய்வார்.

1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து போனதிலிருந்து இந்த வட்டாரத்தில் கித்தார் காய்ச்சல். பீட்டில்ஸின் ‘யே யே’ கூச்சலிலிருந்து ‘பாப் யே யே’ என்று ஓர் இசைக்கே பெயர் வந்தது. அந்தக் காற்று அடித்த 1960களின் கடைசியில்தான் ஆறுமுகம் வீட்டுப் பிள்ளைகளும் குழு கட்டினார்கள்.

ஆனால் பெயர் கிடைக்க வெளியூர் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கதையும் அதுதான். சொந்த நாட்டில் லிட்டில் ரிச்சர்டுக்கும் ஐஸ்லி சகோதரர்களுக்கும் பின்னால் நின்று வாசித்தவர், 1966இல் லண்டனுக்குப் போன பிறகுதான் ஹென்ட்ரிக்ஸ் ஆனார். அலிகேட்ஸுக்கு அந்த லண்டன், ஹாங்காங். 1970களில் அங்கே இரவு விடுதிகளில் வாசித்தார்கள். விடுதி மேடையில் சொந்தச் சரக்குக்கு மதிப்பில்லை. அடுத்தவர் பாட்டை அச்சு அசலாக, சபை ஆடும்படி கொடுக்க வேண்டும். குரல்கள் ஒன்றோடொன்று இழைவதற்கு அதைவிடக் கடுமையான பள்ளிக்கூடம் கிடையாது.

ஊர் திரும்பி மலாயில் இசைத்தட்டு போட்டதுதான் பெரிய திருப்பம். ஆங்கிலத்திலேயே நின்றிருந்தால் நல்ல விடுதிக் குழு என்ற அளவில் முடிந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாக மலாய்க்கு மாறின. பால்மரத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்த பிள்ளையும் இடைநிலைக்கு மலாய்ப் பள்ளிக்குத்தான் போனது. வானொலியில் வந்த மலாய்க் காதல் வரி அந்தப் பிள்ளைக்குப் பொழிப்புரை இல்லாமலே புரிந்தது.

பாட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் எம். நாசிர். பின்னாளில் மலாய் இசையின் பெரிய பெயர், அப்போது இளைஞர். அவர் இசையமைத்த ‘செகுந்தும் மாவார் மேரா, செபுவா புயிசி’ இன்றும் கேட்கிறது: ஒரு சிவப்பு ரோஜா, ஒரு கவிதை. பூவை எண்ணுவதற்கென்றே மலாயில் ‘குந்தும்’ என்று ஒரு சொல் உண்டு. மொட்டு என்றும் அதற்குப் பொருள். தமிழில் இந்த நயத்தை எப்படிக் கொண்டுவருவது என்று யோசித்துத் தோற்றிருக்கிறேன்.

குரலுக்கு முன்னால் கண்ணில் பட்டது தலைமுடி. பந்துபோல் சுருண்டு நின்ற அந்த ஆஃப்ரோ முடிதான் குழுவின் விளம்பரப் பலகை. சுருட்டை முடிக்காரப் பையனைத் தெருவில் ‘டேய் அலிகேட்ஸ்’ என்று கூப்பிட்ட காலமும் இருந்தது.

2007 ஜூனில் லோகா புற்றுநோயால் காலமானார். டேவிட் குழுவைக் கலைக்கவில்லை. டத்தோ பட்டம் பெற்ற அண்ணன், தம்பி இல்லாத மேடையில் அதே பாட்டுகளைத் தொடர்ந்து பாடினார்.