சிறுகுடலுக்குள் ஒரு பயணம்

வாய்வழியாக விடும் எண்டோஸ்கோப்பிக் குழாய் இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலோடு நின்றுவிடும். ஆசனவாய் வழியாக விடுவது பெருங்குடல் முழுவதையும் பார்த்துவிட்டுச் சிறுகுடலின் கடைசி முனையை மட்டும் எட்டும். நடுவே சுருண்டு கிடக்கும் பல மீட்டர் குடல், வெகுகாலம் மருத்துவர் கண்ணில் படவே இல்லை.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு அந்த இருட்டு நன்றாகத் தெரியும். 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஓயாத வயிற்றுப்போக்கும் மெலிவுமாக 'ஸ்ப்ரூ' நோய் பரவியபோது, அங்கிருந்த மருத்துவர்கள் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து திசுத் துணுக்கு எடுத்து ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்துக் கருவி, 1957இல் கிராஸ்பி என்ற மருத்துவர் வடிவமைத்த உலோகக் குப்பி. மெல்லிய குழாயோடு அதை விழுங்கவைத்து, எக்ஸ்ரேயில் இடம் பார்த்து, காற்றை உறிஞ்சினால் உள்ளிருக்கும் கத்தி ஒரு துணுக்கை வெட்டிக்கொள்ளும். எதை வெட்டுகிறோம் என்று பார்க்க வழியில்லை. அந்த நிலையிலும் அவர்கள் செய்த ஆராய்ச்சியை எண்ணினால் மலைப்பாக இருக்கிறது.

விழுங்கும் குப்பிக்குக் கண் வந்தது 2001இல். இஸ்ரேலியப் பொறியாளர் கவ்ரியேல் இடான் உருவாக்கிய கேப்சூல் 26 மி.மீ. நீளம், 11 மி.மீ. பருமன். நொடிக்கு இரண்டு படமாக எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துக்கு மேல் எடுத்து, இடுப்பில் கட்டிய பெட்டிக்கு அனுப்பிவிடும். ஆனால் அதனால் பார்க்க மட்டுமே முடியும். திசு எடுக்கவோ ரத்தக்கசிவை நிறுத்தவோ முடியாது.

அதைச் செய்வது, அதே காலத்தில் ஜப்பானின் ஹிரோனோரி யமமோட்டோ கொண்டுவந்த இரட்டை பலூன் முறை. இரண்டு மீட்டர் எண்டோஸ்கோப்பின் நுனியில் ஒரு பலூன், அதன்மேல் போர்த்திய உறைக்குழாயின் நுனியில் இன்னொன்று. பலூன்களை ஊதிக் குடலைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் மெல்லப் பின்னால் இழுப்பார்கள். பாவாடையில் நாடா கோக்கும்போது துணி சுருங்குவதுபோலக் குடல் குழாயின்மேல் சுருங்கி ஏறும். பிறகு முன் பலூனைத் தளர்த்தி எண்டோஸ்கோப்பை மேலும் உள்ளே செலுத்துவார்கள். பிடி, இழு, செலுத்து என்று மயக்கத்தில் இருக்கும் நோயாளிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் இது நீளலாம். வாய்வழியே போனது எட்டிய இடத்தில் மை ஊசி போட்டு அடையாளம் வைப்பார்கள். பின்னொரு நாள் கீழ்வழியே வரும் குழாய் அந்த மையைக் கண்டால் குடல் முழுவதும் பார்த்தாயிற்று.

நம் நாட்டில் குடல் காசநோய் அதிகம். அதன் தழும்பால் குடல் குறுகியிருந்தால் கேப்சூல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். எடுக்க இந்த பலூன் குழாயோ அறுவையோ வேண்டிவரும். காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவரும், சாப்பிட்டதும் வயிறு முறுக்கி வலிப்பவரும் விழுங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கேப்சூல் வெளியேறியது உறுதியாகும்வரை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கவே கூடாது.