பிள்ளைகளின் முதல் வருமானம்: பெட்டைக்கோழி ஒன்று போதும்

கிராமத்துப் பிள்ளைகள் பலர் கையில் முதன்முதலாகப் புரளும் சொந்தக் காசு, கோழி முட்டை விற்ற காசுதான். பெரிய முதலீடு வேண்டியதில்லை. முட்டையிடும் பருவத்துப் பெட்டைக்கோழி ஒன்றும், அடைக்க ஒரு பஞ்சாரமும் இருந்தால் போதும். நாட்டு முட்டைக்கு ஆள் தேடி அலைய வேண்டாம். பிள்ளை பெற்ற வீடும், நோயாளி இருக்கும் வீடும் தேடி வந்து வாங்கும்.

கோழியைக் கொடுக்கும்போதே, 'இது உன்னுடையது. இதன் வரவு செலவும் உன்னுடையது' என்று சொல்லிக் கொடுப்பது நலம். தனிக் கோழி கொடுக்க இயலாத வீட்டில், அக்கம்பக்கத்தாரிடம் வாரத்துக்கு வாங்கி வளர்க்கலாம். பொரிக்கும் குஞ்சுகளில் பாதி கோழிக்காரருக்கு, பாதி வளர்ப்பவருக்கு என்பது பல ஊர்களில் உள்ள வழக்கமே.

விற்பதா, அடை வைப்பதா?

நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு 10 முதல் 15 முட்டை வரை இடும். ஆண்டுக்கு மூன்று, நான்கு ஈடு எடுக்கலாம். முட்டையை உடனே விற்றால் இன்றைக்குக் காசு. அடை வைத்தால் நாளைக்குக் கோழி. பிள்ளை கற்கும் முதல் வியாபாரப் பாடம் இதுதான். முதல் ஈட்டை விற்றுத் தீவனச் செலவுக்கு வைத்துக்கொண்டு, அடுத்த ஈட்டை அடை வைப்பது நல்ல ஏற்பாடு.

அடைக்கு வைக்கும் முட்டை ஒரு வாரத்துக்கு மேற்படாததாக இருக்க வேண்டும். குளிர்ந்த இடத்தில் மணல் பரப்பி, கூர்முனை கீழே இருக்கும்படி சேமிக்கலாம். ஒரு கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். ஏழு, எட்டு நாள் கழித்து இருட்டறையில் டார்ச் ஒளியில் முட்டையைப் பார்த்தால், கருக்கூடிய முட்டையில் சிலந்தி வலைபோல் இரத்த நாளங்கள் தெரியும். தெளிவாகத் தெரியும் முட்டைகளை எடுத்துவிடலாம். 21-ஆம் நாள் குஞ்சு பொரிக்கும்.

குஞ்சைத் தேற்றுவதில்தான் இலாபம்

12 முட்டை வைத்து 9 குஞ்சு பொரித்தாலும், பருந்து, காகம், கீரி, பூனை ஆகியவற்றுக்குத் தப்பித் தேறுபவை சிலவே. முதல் நான்கு வாரம் தாயோடு குஞ்சுகளைப் பஞ்சாரத்திலும் வேலியடைத்த இடத்திலும் வைத்துக் காப்பது அவசியம். உடைத்த கம்பு, அரிசிக் குருணை தூவலாம். சுத்தமான தண்ணீர் ஆழமில்லாத தட்டில் எப்போதும் இருக்க வேண்டும்.

கரையான், குஞ்சுகளுக்குச் செலவில்லாத சத்துணவு. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலை முதலியவற்றைத் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். பள்ளிக்குப் புறப்படுமுன் பிள்ளைகளே இதைச் செய்துவிடலாம்.

வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கூடு காலியாகிவிடும். வந்தபின் மருந்தில்லை, தடுப்பூசி ஒன்றே வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்தும், எட்டாவது வாரத்தில் இறக்கையில் ஊசியும் போட வேண்டும். அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகினால் விவரம் சொல்வார்கள். இறந்த கோழியைத் தெருவில் எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதைப்பது பெரியவர்களின் வேலை. நோய்ப்பட்ட கோழியை மறைத்து விற்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்கு அப்போதே சொல்லிவிட வேண்டும். கோழியைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

பெற்றோர் செய்யக் கூடாதவை

விருந்தாளி வந்த அவசரத்தில் பிள்ளையின் சேவலை அடித்துக் குழம்பு வைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அன்றோடு அந்தப் பிள்ளைக்குக் கோழி மேலுள்ள அக்கறையும் போய்விடும்; அப்பா, அம்மா வார்த்தை மேலுள்ள நம்பிக்கையும் போய்விடும். வேண்டுமானால் சந்தை விலையைக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். முட்டைக்கும் இதே கணக்குத்தான்.

கோழி அடுத்த வீட்டு நாற்றங்காலைக் கிளறினால், சண்டைக்குப் போகாமல் பிள்ளையையே அழைத்துச் சென்று சமாதானம் சொல்ல வைப்பது நல்லது. பொறுப்பும் வியாபாரத்தில் ஒரு பகுதிதானே.

பள்ளிக்கூடம் கெடக் கூடாது. காலையில் அரை மணி, மாலையில் அரை மணி போதும். 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 2016-இல் செய்த திருத்தப்படி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பள்ளி நேரம் போக, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம். பிறரிடம் கூலிக்கு அனுப்பக் கூடாது.

கணக்கும் சேமிப்பும்

ஒரு நோட்டில் இட்ட முட்டை, விற்றது, அடை வைத்தது, பொரித்தது, இறந்தது, தீவனச் செலவு என்று எழுதி வரச் சொல்லலாம். 5 குஞ்சு தேறி, அவற்றில் 2 சேவலாக இருந்தால், அவற்றை ஐந்தாறு மாதத்தில் விற்றுவிடலாம். 3 விடைக்கோழிகளை வைத்துக்கொண்டால், தாயோடு சேர்த்து 4 கோழி முட்டையிடும்.

10 வயது நிறைந்த பிள்ளை, தன் பெயரிலேயே அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு தொடங்கித் தானே நடத்தலாம். குறைந்தது 500 ரூபாய் வேண்டும். சேவல் விற்ற பணத்தை அதில் போட்டு, முட்டைக் காசில் நோட்டு, பேனா வாங்கிக்கொள்ளச் சொல்லலாம். ஆண், பெண் என்ற பேதமின்றி வீட்டிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கோழியைத் தனியே ஒதுக்குவது, செலவு குறைந்த, பலன் நிறைந்த ஏற்பாடாகும்.