சைப்பிரசில் எந்த நிலையத்தில் இறங்குவது?

லண்டனிலிருந்து சைப்பிரசுக்கு விமானத்தில் ஏறக்குறைய நாலரை மணித்தியாலம். விடுமுறைக்கு மலிவான பயணச்சீட்டுத் தேடும் நம்மவர்கள், விலையைப் பார்க்குமுன் இறங்கும் நிலையத்தின் பெயரைப் பார்த்தல் வேண்டும்.

1974 ஜூலையில் துருக்கியப் படை அத்தீவில் இறங்கியது. தலைநகர் நிக்கோசியாவின் விமான நிலையம் அச்சண்டையோடு மூடப்பட்டது. 1968 இல் திறந்த புதிய கட்டடம் ஆறாண்டுகளே பயணிகளைக் கண்டது. இன்று அது ஐ.நா. காவலிலுள்ள இடைவலயத்துள் பாழடைந்து கிடக்கிறது. மண்டபத்து இருக்கைகளில் புழுதி. வெளியே சிதைந்த டிரைடன்ட் விமானம் ஒன்று.

அதற்கு ஈடாகத் தெற்கே 1975 இல் லார்னாக்கா நிலையமும், 1983 இல் பாஃபோஸ் நிலையமும் எழுந்தன. வடக்கில் இருப்பது எர்ஜான். சைப்பிரஸ் அரசு அதனைச் சட்டபூர்வ நுழைவாயிலாக ஏற்பதில்லை. லண்டனிலிருந்து அங்கு செல்லும் விமானங்களும் துருக்கியில் தரித்தே செல்கின்றன. மலிவென்று எர்ஜானில் இறங்குபவர் தெற்கே கடக்க முற்படின், சட்டவிரோதமாக நுழைந்தவராகக் கருதப்படலாம். அகதிப் பயணப் பத்திரம் வைத்திருப்போருக்கு இது சிறு சிக்கலன்று. நமக்காக வாதாடச் சொந்த நாட்டுத் தூதரகம் ஏது? நமது பத்திரம் செல்லுமா, விசா வேண்டுமா என்பதைச் சைப்பிரஸ் தூதரகத்தில் கேட்டறிந்த பின்னரே பணம் கட்டுக.

மாரிகாலத்தில் செல்வோர் லார்னாக்காவில் இறங்கும்போது சாளரத்தால் எட்டிப் பார்க்கலாம். நிலையத்தின் அருகே உப்பேரி; அதில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். மன்னாரில் நாம் கண்ட அதே இனந்தான்.