பூட்டிய கதவும் பூட்டாத மனமும்

சுத்தம் சோறு போடும் என்பது நம் முதுமொழி. ஆகையால் அடிக்கடி கைகழுவுகிறவரையும், பூட்டைப் பலமுறை இழுத்துப் பார்க்கிறவரையும் நாம் குறை கூறுவதில்லை. “மடி ஆசாரம் மிக்கவர்”, “பொறுப்புள்ளவர்” என்று புகழ்ந்தும் விடுகிறோம். அப்புகழ்ச்சியின் மறைவிலே ஒரு நோய் ஆண்டுக்கணக்கில் வளர்ந்துவிடக்கூடும் என்பதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். மருத்துவர்கள் அதனை ஓ.சி.டி. என்பர், தமிழில் எண்ணச் சுழற்சி நோய் எனலாம்.

இந்நோய்க்கு இரு கூறுகள் உண்டு. ஒன்று, வேண்டாமென்று தள்ளியும் திரும்பத் திரும்ப வந்து நெஞ்சை அலைக்கும் எண்ணம். மற்றொன்று, அவ்வெண்ணம் எழுப்பும் அச்சத்தைத் தணிக்கச் செய்தே தீரவேண்டும் என்று தோன்றும் செயல். கை அழுக்காயிற்று என்பது எண்ணம், கழுவுவது செயல். கழுவியதும் சற்றே நிம்மதி பிறக்கிறது. ஆனால் அது நிலைப்பதில்லை. சிறிது நேரத்தில் ஐயம் மீண்டும் தலைதூக்குகிறது. பணியப் பணிய அச்சம் வலுக்கிறது.

நல்ல பழக்கத்தையும் நோயையும் எவ்வாறு பிரித்தறிவது? இருப்புப்பாதை அலுவலகத்தில் பணிபுரியும் நாங்கள் அன்றாட வசூலை இருமுறை கூட்டிப் பார்க்கிறோம். தொகை சரியாயிருந்தால் கணக்கை முடித்து வீடு திரும்புகிறோம். நோயுற்றவருக்கோ இருபதாம் முறை கூட்டிய பின்னும் ‘சரி’ என்னும் நிறைவு வருவதில்லை. ஆசாரமும் அப்படியே. நீராடினால் அது முடிந்தது, மனம் அமைதியுறும். நோய்க்கு அத்தகைய எல்லை இல்லை. இவ்வெண்ணங்களும் செயல்களும் நாளொன்றுக்கு 1 மணி நேரத்திற்கு மேல் கொள்ளை கொண்டாலோ, படிப்பையும் பணியையும் கெடுத்தாலோ, பெருந்துயர் விளைத்தாலோ அது நோயாகலாம் என்பதே மருத்துவர் கொள்ளும் அளவுகோல்.

வீட்டில் கவனிக்கத்தக்க அறிகுறிகள் சில உண்டு. குழாயில் சில மணி நேரமே நீர் வரும் குடியிருப்பில், பிடித்து வைத்த நீரெல்லாம் ஒருவர் கைகழுவுவதிலேயே தீர்ந்துபோகும். தெருமுனை வரை சென்றவர், அடுப்பை அணைத்தோமா என்று மீண்டும் மீண்டும் திரும்பி வந்து வண்டியைத் தவறவிடுவார். மாணவன் ஒரே வரியை அழித்தழித்து எழுதுவான். “ஒன்றும் ஆகாதே, அம்மா?” என்று மகள் ஒரே வினாவை நாள் முழுதும் கேட்பாள். பெரும்பாலும் இளமையிலேயே இது தொடங்குவதால் பெற்றோர் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத வகையும் உண்டு. தெய்வ சந்நிதியில் இழிந்த எண்ணம் குறுக்கிடும். பெற்ற குழந்தைக்குத் தானே தீங்கு செய்துவிடுவோமோ என்று தாய் நடுங்குவாள். இவர்கள் கொடியவர் அல்லர். அவ்வெண்ணம் தம் இயல்புக்கு மாறாயிருப்பதால்தான் அஞ்சுகின்றனர். அவர்களை ஏசுதல் பெருந்தவறு.

அன்பு மிகுதியால் நாம் செய்யும் உதவியும் நோய்க்குத் தீனியாகிவிடும். பூட்டை நாமே பார்த்துச் சொல்வதும், துவைத்த துணியை மறுபடி துவைத்துத் தருவதும் அத்தகையன. இவற்றை ஒரே நாளில் கடிந்து நிறுத்துவதும் தகாது. மருத்துவர் துணையுடன் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிகிச்சைக்கு வழியில்லாமல் இல்லை. அஞ்சுவதை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாது பொறுத்திருக்கும் பயிற்சி ஒன்று உண்டு. இங்கிலாந்தில் விக்டர் மேயர் என்பவர் 1966-இல் இதன் பயனை எழுதி வெளியிட்டார். அச்சம் தானே தணியும் என்பதை மனம் இதனால் கற்றுக்கொள்கிறது. ஃபுளுவாக்சிடின், செர்ட்ராலின் முதலிய மருந்துகளும் உதவும். பலன் தெரிய 8 முதல் 12 வாரங்கள் ஆகலாம். இடையில் தாமாக நிறுத்தலாகாது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையத்தில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது.

ஊர்விட்டு வந்த நமக்கு இரண்டு தடைகள். ஒன்று, பிறமொழி பேசும் மருத்துவரிடம் மனத்திலுள்ளதைச் சொல்ல இயலாமை. இதற்கு 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவும். 14416 என்ற எண்ணில் இரவு பகலாகக் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். மற்றொன்று, கலியாணம் தடைப்படுமோ என்று அஞ்சி மறைத்தல். மறைத்து வைத்த நோய் கலியாணத்திற்குப் பின்னும் உடன் வரும். காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவதில் நாணமில்லை; இதற்கும் நாணம் வேண்டா.