நாரால் மணக்கும் பூ

எத்தனால் எத்தனாயிக் அமிலமாக ஆக்சிஜனேற்றம் அடைவதைப் பத்தாம் வகுப்பில் நடத்தும்போது, அமிலம் கலந்த பொட்டாசியம் டைகுரோமேட்டைச் சொல்கிறோம். ஆரஞ்சு பச்சையாகும் என்றதும் பிள்ளைகள் குறித்துக்கொள்கிறார்கள். "அந்தக் கரைசலை அப்புறம் எங்கே சார் ஊற்றுவாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடத்தைவிட முக்கியமான கேள்வி.

டைகுரோமேட்டில் உள்ள குரோமியம் புற்றுநோய் விளைவிக்கும் வகை. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு லட்சம் டன்னுக்கு மேல் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. காற்றிலுள்ள ஆக்சிஜனே ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்தால் உடன் விளைவது தண்ணீர் மட்டுமே. ஆனால் ஆக்சிஜன் தானாக அவ்வளவு எளிதில் வினைபுரிவதில்லை, வினையூக்கி வேண்டும்.

அதற்குத் தங்கம் உதவும் என்றால் மதுரைப் பிள்ளைகள் சிரிப்பார்கள். தெற்காவணி மூல வீதியில் விற்கும் தங்கம் எதனோடும் எளிதில் சேராது, அதனால்தானே நகையாகிறது! ஆனால் சில நானோமீட்டர் துகள்களாக்கி உலோக ஆக்சைடின் மேல் பதித்தால், அதே தங்கம் சுறுசுறுப்பான வினையூக்கி. ஜப்பானின் மசட்டாக்கே ஹருட்டா 1987இல் கார்பன் மோனாக்சைடு வினையில் இதைக் காட்டினார்.

துகள் பதிந்திருக்கும் பொருளைத் தாங்கி என்கிறோம். அதன் முதல் வேலை துகள்களைப் பிரித்து வைப்பது. ரசத்தில் மிதக்கும் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதுபோல், சூட்டில் துகள்கள் இணைந்துவிடும். மேற்பரப்பு குறையும், வேகமும் குறையும். சிலிக்கா இந்த வேலையோடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது.

சீரியம் ஆக்சைடு அப்படியல்ல. தன் ஆக்சிஜனைக் கொடுத்துவிட்டு, காற்றிலிருந்து திரும்ப நிரப்பிக்கொள்ளும். ஸ்பெயினில் அவெலினோ கோர்மாவின் குழு 2005இல், நானோ அளவுச் சீரியம் ஆக்சைடின் மேல் தங்கத்தைப் பதித்து, கரைப்பான்கூட இல்லாமல் ஆல்கஹால்களை ஆக்சிஜனேற்றம் செய்தது. கார்பன் மேல் பதித்த தங்கத்துக்கோ பெரும்பாலும் காரம் சேர்க்க வேண்டியிருக்கிறது. பூவோடு சேர்ந்த நார் மணப்பது நமக்குத் தெரியும். இங்கே நாரால் பூ மணக்கிறது.

சீரியம் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு அல்ல. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலின் மோனசைட்டில் இருக்கிறது. கார்களின் புகைக்குழாயில் உள்ள மாற்றியிலும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் துகள்களுக்கு அலுமினாவோடு சீரியம் ஆக்சைடு துணை நிற்கிறது.

"அப்படியானால் வினையூக்கி தங்கமா, தாங்கியா?" என்று வகுப்பில் கேட்பார்கள். கரும்பலகையில் ஆக்சைடின் மேல் ஒரு துகளை வரைந்து, இரண்டும் தொடும் விளிம்பைச் சாக்பீஸால் அழுத்திக் காட்டுங்கள். சீரியம் ஆக்சைடு போன்ற தாங்கிகளில் வினையின் முக்கியப் பகுதி அங்கேதான் நடக்கிறது.